அக்கம்பக்கத்தின் பொறுப்பு

பெண்கள் மீதான வன்முறையைத் தடுப்பதில் ஊரின் பங்கு குறித்து ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



பொருளை நீங்களே தேர்ந்துகொள்ளலாம் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். பெண்கள் மீதான வன்முறையைப் பற்றிப் பேச நம்மிடம் மேடைகளுக்குக் குறைவில்லை. ஒரு கொடுமை நடந்து செய்தித்தாளில் வந்த மறுநாள் எல்லோரும் பேசுகிறோம். தண்டனை போதாது என்கிறோம், காவல்துறை தாமதித்தது என்கிறோம். அந்தப் பேச்சு தேவைதான். ஆனால் அது எல்லாம் முடிந்த பிறகு எழும் பேச்சு. நடப்பதற்கு முன்னால், நடந்துகொண்டிருக்கும்போது, அந்த வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருப்பவர்கள் என்ன செய்ய முடியும் என்பதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சொல்ல வந்ததைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஊரைச் சேர்த்துக்கொள்ளாமல் இந்த வன்முறையைத் தடுக்க முடியாது. அதே சமயம், தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை ஊரிடம் கொடுத்தால் வன்முறை இரட்டிப்பாகும். கதவைத் தட்டுவது ஊரின் கடமை. தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. இந்த இரண்டையும் கலக்காமல் வைத்துக்கொண்ட இடங்களில் பெண்களின் வாழ்க்கை மாறியிருக்கிறது. கலந்துவிட்ட இடங்களில் பெண்கள் இரண்டு முறை தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள்.

சுவருக்கு இந்தப் பக்கம்

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் கணவனின் வன்முறைக்கு எப்போதாவது ஆளானவர்கள் இந்தியா முழுவதும் 29.3 விழுக்காடு. தமிழ்நாட்டில் 38.1 விழுக்காடு. கல்வியிலும் மருத்துவத்திலும் தொழிலிலும் முன்வரிசையில் நிற்பதாக நாம் பெருமைப்படும் மாநிலத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பெண்கள்.

இதைவிட என்னை உலுக்குவது அதே கணக்கெடுப்பின் இன்னொரு விவரம். நாடு முழுவதும், வன்முறைக்கு ஆளான பெண்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் யாரிடமும் உதவி கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. உதவி கேட்ட சிலரும் பெரும்பாலும் பிறந்த வீட்டைத்தான் நாடியிருக்கிறார்கள். காவல் நிலையம் வரை போனவர்கள் மிகச் சிலர்.

அவள் சொல்லவில்லை என்பது உண்மை. யாருக்கும் தெரியாது என்பது உண்மையா? நம் ஊர் வீடுகளின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். லைன் வீடுகளில் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மாடிப்படி பொதுவானது, தண்ணீர்க் குழாய் பொதுவானது, துணி உலர்த்தும் கொடி பொதுவானது. பாத்திரம் விழும் சத்தம் கேட்கிறது. குழந்தை அலறுவது கேட்கிறது. பிறகு திடீரென்று எல்லாம் அடங்குவதும் கேட்கிறது. மறுநாள் குழாயடியில் அவள் முந்தானையை இழுத்துக் கழுத்தைப் போர்த்தியிருப்பதை நாலு பேர் பார்க்கிறார்கள். "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று ஒருத்தி கேட்கிறாள். "கதவுல இடிச்சுக்கிட்டேன்க்கா" என்று அவள் சொல்கிறாள். இருவருக்கும் உண்மை தெரியும். பேச்சு ரேஷன் கடைக்கு மாறிவிடுகிறது.

ஆகவே ஊர் இந்த விவகாரத்தில் வெளியாள் கிடையாது. அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, ஒரு பக்கம் சாய்ந்தும் இருக்கிறது. 'புருஷன் பொண்டாட்டி சண்டையில நாம எதுக்கு' என்று ஒதுங்குவது அடிப்பவனுக்குக் கொடுக்கும் அனுமதி. 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று சொல்லி அனுப்புவது அந்த அனுமதிக்கு வைக்கும் முத்திரை. அதே கணக்கெடுப்பில், சில காரணங்களுக்காகக் கணவன் மனைவியை அடிக்கலாம் என்று ஒப்புக்கொண்டவர்கள் பெண்களில் 45 விழுக்காடு, ஆண்களில் 44 விழுக்காடு. சொல்லாமல் வெளியே போனாள், மாமனார் மாமியாரை மதிக்கவில்லை, சமையல் சரியில்லை என்று நீளும் காரணங்கள் அவை. ஒரு பெண் அடிபடும்போது, அவள் என்ன தப்புச் செய்தாள் என்ற விசாரணை பக்கத்து வீட்டிலும் அவள் தாய்வீட்டிலும் அவள் மனத்திலும் ஒரே நேரத்தில் தொடங்கிவிடுகிறது. அந்த விசாரணையை மாற்றாத வரைக்கும் எந்தச் சட்டமும் அவள் வாசலை எட்டாது.

குடிதான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. குடி வன்முறையைக் கூட்டுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. டாஸ்மாக் கடைக்கு எதிராக நம் பெண்கள் வீதிக்கு வந்ததில் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் குடித்தவன் மேஸ்திரியை அடிப்பதில்லை, கடன்காரனை அடிப்பதில்லை. யாரை அடித்தால் ஊர் கேட்காது என்பது அவனுக்கு எந்த மயக்கத்திலும் தெரிகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது

சட்டத்தைக் குறைத்து மதிப்பிட நான் வரவில்லை. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டபோது, காவல் நிலையப் படியேறவே அஞ்சிய பெண்களுக்கு அது ஒரு வாசலாக இருந்தது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26இல் நடைமுறைக்கு வந்தது. அடி உதையோடு, சொல்லால் வதைப்பதும் பணத்தை முடக்குவதும் வீட்டைவிட்டு விரட்டுவதும் வன்முறைதான் என்று அந்தச் சட்டம் சொன்னது. 181 என்ற உதவி எண் இருக்கிறது. மருத்துவம், சட்ட உதவி, ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் ஆகியவற்றை ஒரே கூரையின் கீழ் தரும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் இருக்கின்றன.

குடும்ப வன்முறைச் சட்டத்தின் நான்காவது பிரிவை இங்கே இருக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். வன்முறை நடந்தது, நடக்கிறது, அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். உறவினராக இருக்க வேண்டியதில்லை. சாட்சியாக இருக்க வேண்டியதில்லை. நல்லெண்ணத்தோடு தந்த தகவலுக்காக அவர்மேல் உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ வராது என்றும் அந்தப் பிரிவே உறுதி தருகிறது. பக்கத்து வீட்டுக்காரரைச் சட்டம் பெயர் சொல்லாமல் அழைத்திருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆனாலும் சட்டத்தின் கை நீள ஓர் எல்லை உண்டு. மாவட்டத்துக்கு ஒருவர் என்ற அளவில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் இரவு பதினொரு மணிக்கு ஒவ்வொரு தெருவிலும் நிற்க முடியாது. அங்கே நிற்பவர்கள் நாம்தான்.

நின்று என்ன செய்வது? 2008இல் பிரேக்த்ரூ என்ற அமைப்பு 'பெல் பஜாவோ' (மணியை அடி) என்றொரு பிரச்சாரத்தை நடத்தியது. அதன் தொலைக்காட்சி விளம்பரங்களில் ஒன்றில், பக்கத்து வீட்டில் ஒரு பெண் அடிபடும் சத்தம் ஒருவருக்குக் கேட்கிறது. எழுந்து போய் அழைப்பு மணியை அடிக்கிறார். கதவைத் திறந்த கணவனிடம் ஒரு கிண்ணம் பால் கேட்கிறார். அவ்வளவுதான். பால் தேவைப்பட்டு அவர் வரவில்லை என்பது இருவருக்கும் புரிகிறது. அந்தச் சின்னக் குறுக்கீடு இரண்டு செய்திகளைச் சொல்கிறது: எனக்குக் கேட்கிறது, நான் இங்கேதான் இருக்கிறேன். நம் ஊரில் உறை ஊற்ற ஒரு கரண்டி மோர் கேட்டுப் போகலாம். மின்சாரம் உங்கள் வீட்டிலும் போய்விட்டதா என்று கேட்கலாம். இரண்டு பேராகப் போவது நல்லது. அடிக்கும் கை அந்த நிமிடம் நின்றால், அந்த நிமிடம் ஓர் உயிரின் விலை பெறலாம்.

தர்மபுரி சொல்வது

ஊரை மாற்ற முடியுமா என்று கேட்பவர்களுக்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. பிறந்த பெண் குழந்தையைக் கள்ளிப்பால் கொடுத்துக் கொன்ற கொடுமை உசிலம்பட்டி வட்டாரத்தோடு நிற்கவில்லை. சேலம், தர்மபுரி மாவட்டங்களிலும் பரவியிருந்தது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் விட்டுச்செல்ல வழிசெய்யும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் அரசு கொண்டுவந்தது. ஆரம்பச் சுகாதார நிலையப் பதிவேடுகளில் அந்தச் சாவுகள் எப்படி எழுதப்பட்டன தெரியுமா? இறப்புக்கான காரணம் என்ற இடத்தில், கிராமச் செவிலியர்கள் 'சமூகக் காரணங்கள்' என்று எழுதினார்கள். கொலை என்று எழுத அந்தச் செவிலியரால் முடியாது. அவரும் அதே ஊரில்தான் மறுநாள் நடக்க வேண்டும். ஆனால் பொய்யும் எழுதவில்லை. அந்த இரண்டு சொற்கள் பதிவேட்டில் இருந்ததால்தான், பிறந்த முதல் வாரத்தில் பெண் குழந்தைகள் மட்டும் ஏன் இவ்வளவு இறக்கிறார்கள் என்ற கேள்வியை ஆய்வாளர்களால் எழுப்ப முடிந்தது. பொருளியல் அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஆட்சிப்பணி அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் அந்தப் பதிவேடுகளைக் கொண்டு எழுதிய கட்டுரைகள் இந்தக் கொடுமையின் பரப்பை வெளியே கொண்டுவந்தன.

இதே ஷீலா ராணி சுங்கத், 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஆட்சியராக இருந்து அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தை நடத்தியவர். பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்ட இயக்கம் அது. ஊர் ஊராக நாடகமும் பாட்டும் கொண்டுசெல்லும் கலைப்பயணம் என்ற வடிவத்தின் வலிமையைப் புதுக்கோட்டை காட்டியிருந்தது. தர்மபுரியில் 1997 முதல் 1999 வரை நடந்த சமூக இயக்கத்தில் அதே வடிவம் பெண் சிசுக்கொலைக்கு எதிராகத் திரும்பியது. உள்ளூர் இளைஞர்களும் பெண்களும் பயிற்சி பெற்றுத் தெருக்கூடல்களில் நாடகம் போட்டார்கள், பாடினார்கள். மாமியாரும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் வீட்டுக் கதையைத் தங்கள் பேச்சு வழக்கிலேயே பார்த்தார்கள். அதுவரை எல்லோருக்கும் தெரிந்து எவரும் வாய்திறக்காத ஒன்று ஊர் நடுவே பேசப்பட்டது. சுகாதாரப் பணியாளர்கள் கர்ப்பிணிகளை, குறிப்பாக ஏற்கெனவே பெண் குழந்தை பெற்றவர்களை, பின்தொடர்ந்து கவனித்தார்கள். பதிவேடுகளில் அந்தச் சாவுகள் கணிசமாகக் குறைந்தன.

கைது செய்து, வழக்குப் போட்டு மட்டும் இதைச் சாதித்திருக்க முடியாது. கைது வருமென்றால் பிரசவத்தையே மறைத்திருப்பார்கள். ஊரின் வாயைத் திறந்ததுதான் முதல் வேலை.

ஆனால் தர்மபுரி ஓர் எச்சரிக்கையும் தருகிறது. கள்ளிப்பாலை வெட்கக்கேடாக்கியது இயக்கம். பெண் பிள்ளை செலவு என்ற எண்ணத்தின் வேரை அது முழுவதும் அறுக்கவில்லை. வசதி வந்த இடங்களில் அந்த எண்ணம் ஸ்கேன் சென்டருக்கு இடம்பெயர்ந்தது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் 1994லேயே வந்தும், 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள். அடுத்த பத்தாண்டில் அந்த எண் உயர்ந்தது. ஒரு செயலை ஊர் வெறுக்கும்படி செய்வது பாதி வேலை. அந்தச் செயலைப் பெற்றெடுக்கும் நம்பிக்கையோடு மோதுவது மீதிப் பாதி.

கம்பாலாவில் செய்தது

அந்த மீதிப் பாதியைத் திட்டமிட்டுச் செய்தவர்கள் உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் இருக்கிறார்கள். ரெய்சிங் வாய்சஸ் என்ற அமைப்பு 'ஸாஸா' என்ற செயல்முறையை வகுத்தது. செடோவிப் என்ற உள்ளூர் அமைப்பு மகிண்டியே, ருபாகா என்ற இரண்டு நகரப் பகுதிகளில் அதை நடத்தியது. எட்டுக் குடியிருப்புகளைத் தேர்ந்து, நான்கில் திட்டத்தை நடத்தி, நான்கை ஒப்பீட்டுக்காகக் காத்திருக்க வைத்து, 2007 முதல் 2012 வரை ஆய்வு நடந்தது.

அவர்கள் வெளியிலிருந்து பேச்சாளர்களைக் கொண்டுவரவில்லை. அந்தந்தக் குடியிருப்பின் ஆண்களையும் பெண்களையுமே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். காவலர்கள், சுகாதாரப் பணியாளர்கள், உள்ளூர்த் தலைவர்களையும் சேர்த்தார்கள். அங்குள்ள புகாண்டா இன மக்களிடம் 'ஸெங்கா' என்றொரு உறவு உண்டு. அப்பாவுடன் பிறந்தவள், நம் அத்தை. கல்யாணமாகப் போகும் பெண்ணுக்கு இல்லறம் பற்றிச் சொல்லிக்கொடுப்பது வழிவழியாக அவள் பொறுப்பு. பொறுத்துப் போ என்று சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். அந்த ஸெங்காக்களையும் இந்த வேலைக்குள் கொண்டுவந்தார்கள். நம் ஊரில் அத்தையும் சித்தியும் பெரியம்மாவும் மனம் மாறினால் எத்தனை வீடுகள் மாறும் என்று எண்ணிப் பாருங்கள்.

பேச்சை எங்கே தொடங்கினார்கள் என்பது இன்னும் முக்கியம். 'நீ மனைவியை அடிக்கிறாயா?' என்று கேட்டிருந்தால் ஆண்கள் எழுந்து போயிருப்பார்கள். அவர்கள் அதிகாரத்தைப் பற்றிக் கேட்டார்கள். உன்மேல் யார் அதிகாரம் செலுத்துகிறார்கள்? அப்போது உனக்கு எப்படி இருக்கிறது? உனக்கு யார்மேல் அதிகாரம் இருக்கிறது? அதை எப்படிச் செலுத்துகிறாய்? முதலாளியிடம் தலைகுனிந்து நின்ற அனுபவம் எந்தத் தொழிலாளிக்கும் உண்டு. அந்தக் குனிவைத் தன் வீட்டில் தான் யாருக்குக் கொடுக்கிறோம் என்று அவனே யோசிக்கும்படி செய்தது அந்தக் கேள்வி. வாசல்களிலும் கடைகளிலும் வேலை செய்யும் இடங்களிலும், மாதக்கணக்காக, வருடக்கணக்காக இந்தப் பேச்சு நடந்தது.

முடிவுகள் 2014இல் வெளிவந்தன. முந்தைய ஓராண்டில் துணைவரின் அடி உதைக்கு ஆளான பெண்களின் விகிதம், திட்டம் நடக்காத குடியிருப்புகளைவிட, நடந்த குடியிருப்புகளில் 52 விழுக்காடு குறைவாக இருந்தது. எட்டே குடியிருப்புகள் என்பதால் இந்த எண்ணை ஓரளவு முன்பின்னாகவே கொள்ள வேண்டும் என்று ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மாற்றம் ஒரே திசையில் இருந்தது. வன்முறையை நியாயப்படுத்துவது குறைந்தது. அடிபட்ட பெண்ணுக்கு அக்கம்பக்கத்தார் துணைநின்றது கூடியது.

எல்லா இடத்திலும் இப்படி நடந்துவிடவில்லை. ஜொகன்னஸ்பர்க் அருகே டீப்ஸ்லூட்டில் ஆண்களிடையே நடந்த பெரிய முயற்சியில், ஆய்வு முடிவில் வன்முறை குறைந்ததற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. ருவாண்டாவில், தம்பதிகள் சேர்ந்து உட்கார்ந்து மாதக்கணக்கில் கற்ற வகுப்புகள் வன்முறையைப் பெரிதும் குறைத்தன. அதே திட்டத்தின் ஊர்ப் பிரச்சாரப் பகுதியோ ஊரளவில் அத்தகைய பலனைக் காட்டவில்லை. கூட்டம் போட்டு, பேரணி நடத்தி, உறுதிமொழி எடுத்துக் கலைந்து செல்வது போதாது என்பதை இவை காட்டுகின்றன. திரும்பத் திரும்பப் பேசுவதும், தெரிந்த முகங்கள் பேசுவதும், நீண்ட காலம் பேசுவதும் வேண்டும்.

ஊர் என்றால் யார்?

இப்போது கடினமான கேள்விக்கு வருகிறேன். ஊரைச் சேர்ப்போம் என்று சொல்லும்போது யாரைச் சொல்கிறோம்?

கட்டப் பஞ்சாயத்தும் ஊர்தான். சாதி மறுத்து மணந்த பெண்ணை ஒதுக்கிவைப்பதும், சில நேரம் கொன்றுபோடுவதும் ஊரின் பெயரால்தான் நடக்கிறது. பாலியல் வன்கொடுமை செய்தவனுக்கே அந்தப் பெண்ணைக் கட்டிவைத்து விவகாரத்தை முடிப்பதும் ஊர்ப் பெரியவர்கள்தான். இத்தகைய பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டவிரோதமானவை என்று 2011இல் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாலியல் வன்கொடுமை வழக்கில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று 2015இல் சொன்னது. ஆகவே, பெண்களும் ஒடுக்கப்பட்டோரும் வாய்திறக்க முடியாத ஊரிடம் பாதுகாப்பை ஒப்படைக்க முடியாது.

புதுக்கோட்டையில் ஸ்டெப்ஸ் என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கிய ஷரீஃபா கானம் இந்தக் கேள்வியைத்தான் எழுப்பினார். தலாக், வரதட்சணை, ஜீவனாம்சம் பற்றிய வழக்குகளை ஆண்கள் மட்டுமே உட்கார்ந்த பள்ளிவாசல் ஜமாத் முடிவு செய்தது. யாருடைய வாழ்க்கையோ, அந்தப் பெண் அங்கே பேச முடியாது. 2000களின் தொடக்கத்தில் முஸ்லிம் பெண்கள் தங்களுக்கென ஒரு ஜமாத்தை அமைத்தார்கள். மாவட்டம் மாவட்டமாக வந்து கூடினார்கள், மனுக்களைக் கேட்டார்கள், ஆண்களின் ஜமாத்தோடும் காவல்துறையோடும் வாதாடினார்கள். இந்துச் சாதிப் பஞ்சாயத்துகளிலும் பெண்ணுக்கு வாய் இல்லை. அங்கே இப்படியொரு மாற்று மன்றத்தை எழுப்ப நமக்கு இன்னும் துணிவு வரவில்லை என்பதையும் இந்த மேடையில் சொல்லியாக வேண்டும்.

ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்து பன்வாரி தேவியை நினைவுகூராமல் இந்தப் பேச்சு முழுமை பெறாது. மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்' என்ற ஊர்ப்பணியாளர் அவர். குயவர் சாதியைச் சேர்ந்தவர். அரசு சொன்னபடி, ஓர் ஆதிக்கசாதிக் குடும்பத்தில் ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தைக்கு நடக்கவிருந்த திருமணத்தைத் தடுக்க முயன்றார். அதற்குப் பழிவாங்கலாக 1992 செப்டம்பரில் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். ஊர் அவரைத்தான் ஒதுக்கிவைத்தது. 1995இல் விசாரணை நீதிமன்றம் பாலியல் வன்கொடுமைக் குற்றச்சாட்டிலிருந்து எதிரிகளை விடுவித்தது. அவரது வழக்கிலிருந்து கிளம்பிய போராட்டத்தால் 1997இல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா நெறிமுறைகள் பிறந்தன. 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் வந்தது. இந்த நாட்டில் அலுவலகம் போகும் ஒவ்வொரு பெண்ணும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறாள். ஆனால் அவருக்கு நேர்ந்தது நமக்குச் சொல்வது இதுதான்: ஊரின் அதிகாரத்தோடு மோத ஒரு ஏழைப் பெண்ணைத் தனியாக அனுப்பிவிட்டு, அதற்குச் சமூகப் பங்கேற்பு என்று பெயர் வைக்கக் கூடாது.

திண்டுக்கல் மாவட்டத்தில் வேறொரு பாடம் கிடைத்தது. 2021 ஜனவரியில் ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலைபார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். பெண்களே தலைமையேற்றிருந்த தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அந்தத் துயரத்தைப் போராட்டமாக்கியது. 2022 ஏப்ரலில் நிறுவனமும் சங்கமும் சேர்ந்து கையெழுத்திட்ட, துணி வாங்கும் பன்னாட்டு நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் திண்டுக்கல் ஒப்பந்தம் பிறந்தது. ஆசியாவில் இவ்வகையில் அது முதலாவது. தையல் வரிசையில் வேலைசெய்யும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் பயிற்சி பெற்றார்கள். சூப்பர்வைசர் கெட்ட வார்த்தை பேசினால், தொட்டால், சாதியைச் சொல்லி இழித்தால், பக்கத்து மெஷினில் இருப்பவளே கேட்கலாம், பதிவு செய்யலாம் என்றானது. அவளைப் பழிவாங்க ஒப்பந்தம் இடம் தரவில்லை. பக்கத்தில் இருப்பவருக்குப் பயிற்சியும் பாதுகாப்பும் சேர்த்துக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கண்முன் உள்ள சான்று அது.

எங்கே தொடங்கலாம்

முதலாவதாக, நம்மிடம் ஏற்கெனவே ஓர் அமைப்பு தெருத்தெருவாக இருக்கிறது. 1989இல் தர்மபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள்.

ஒரு குழுக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கன்வாடித் திண்ணை, மாலை நேரம். ஊக்குநர் தீர்மான நோட்டைத் திறக்கிறார். வருகைப் பதிவு, சேமிப்பு வரவு, கடன் தவணை. ஒருத்தி இரண்டு வாரமாக வரவில்லை. மகளிடம் பணம் கொடுத்தனுப்புகிறாள். ஏன் என்று அங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். நோட்டில் 'பணம் வரவு' என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறார்கள். வங்கிக் கணக்குக்கு அந்த வரி போதும். அந்தப் பெண்ணின் உயிருக்குப் போதாது. பணத்தின் தவணை தவறினால் அன்று சாயங்காலமே வீடு தேடிப் போகும் குழு, ஆள் தவறினாலும் போக வேண்டும். இரண்டு பேர் போகட்டும். "நோட்டுல கையெழுத்து நீங்களே போடணும்க்கா, வாங்க" என்று வெளியே அழைத்து வரட்டும். தனியாக, மெதுவாகக் கேட்கட்டும். 'அனுசரிச்சுப் போ' என்றோ 'உடனே போலீசுக்குப் போ' என்றோ எடுத்த எடுப்பில் சொல்ல வேண்டாம். உனக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறாய், இன்று ராத்திரி அந்த வீட்டில் இருப்பது பாதுகாப்பா என்று கேட்கட்டும். அவள் வருவதற்கு ஒரு வீட்டுக் கதவு எந்த நேரமும் திறந்திருக்கும் என்று உறுதி சொல்லட்டும். ஆதாரும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் பத்திரமாக வெளியே இருக்க வழிசெய்யட்டும். அவள் சம்மதத்தோடு 181க்குப் பேசட்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் யாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்க வேண்டாம்.

இது கற்றுக்கொள்ள வேண்டிய திறமை. சேமிப்புக் கணக்கு எழுதப் பயிற்சி கொடுத்தோம்; இதற்கும் கொடுக்க வேண்டும். அதற்கு நிதி ஒதுக்க வேண்டும். இதையும் சம்பளமில்லாத சேவையாகப் பெண்கள் தலையிலேயே கட்டிவிடக் கூடாது.

இரண்டாவதாக, கிராம சபை. ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு உரியது. ஆனால் தலைவி நாற்காலியில் பெண் இருக்க, பேசுவது அவர் கணவராக இருக்கும் ஊர்கள் இன்னும் உண்டு. தெருவிளக்கு, பஸ் நிறுத்தம், கழிப்பறை, குழந்தைத் திருமணம், பெண்கள் பாதுகாப்பு ஆகியவை ஒவ்வொரு கூட்டத்திலும் நிரந்தரப் பொருளாக வேண்டும். அதற்கு முன்பே பெண்கள் மட்டும் தனியே கூடிப் பேசி, தங்கள் தீர்மானத்தோடு சபைக்கு வர வேண்டும். எந்தப் பெண்ணின் வழக்கையும் அங்கே விசாரிக்கக் கூடாது. ஊரின் ஏற்பாடுகளை விசாரிப்பதே சபையின் வேலை.

மூன்றாவதாக, ஆண்கள். டீக்கடை, சலூன், ஆட்டோ ஸ்டாண்ட், இளைஞர் நற்பணி மன்றம், கோயில் திருவிழாக் கமிட்டி. ஓர் ஆண் என்ன பேசலாம், எதற்குச் சிரிக்கலாம் என்பது அங்கேதான் முடிவாகிறது. "ரெண்டு போட்டேன், அடங்கிட்டா" என்று ஒருவன் சொல்லும்போது பக்கத்தில் இருப்பவன் சிரிக்காமல் இருந்தால், "அது தப்புடா" என்று சொன்னால், அதைச் சொல்ல அவனுக்கு இன்னொருவன் துணையிருந்தால், அந்தப் பெருமை அங்கேயே செத்துவிடும். இந்த வேலையைப் பெண்களால் செய்ய முடியாது. ஆண்கள்தான் ஆண்களிடம் செய்ய வேண்டும்.

நான்காவதாக, இவை எல்லாவற்றுக்கும் பின்னால் அரசு நிற்க வேண்டும். தலையிட்ட பக்கத்து வீட்டுக்காரரை 'உனக்கென்ன சம்பந்தம்' என்று காவல் நிலையத்தில் கேட்டால், அடுத்த முறை அந்தத் தெருவில் ஒரு கதவும் திறக்காது. 181க்கு அழைத்த பெண்ணுக்குத் தங்க இடம் இல்லையென்றால், ஊர் கொடுத்த உறுதி பொய்யாகிவிடும். ஊரைச் சேர்ப்பது அரசு கையைக் கழுவிக்கொள்ளும் வழியாகிவிடக் கூடாது.

நண்பர்களே, ஒரு முயற்சி சரியாக நடக்கிறதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அந்த ஊரிலேயே அதிகாரம் மிகக் குறைந்த பெண் யார் என்று பாருங்கள். சேரியில் இருக்கும் இளம் விதவையாக இருக்கலாம், வடமாநிலத்திலிருந்து செங்கல் சூளைக்கு வந்தவளாக இருக்கலாம், மாற்றுத்திறனாளிப் பெண்ணாக இருக்கலாம், திருநங்கையாக இருக்கலாம். இரவில் ஆபத்து வந்தால் தட்டுவதற்கு அவளுக்கு ஒரு கதவு இருக்கிறதா? இருந்தால் அந்த ஊரில் வேலை நடந்திருக்கிறது. இல்லையென்றால், எத்தனை உறுதிமொழி எடுத்திருந்தாலும் வேலை இனிமேல்தான் தொடங்க வேண்டும்.

வன்முறையாளன் ஊர் கேட்காது என்ற நம்பிக்கையில் கை ஓங்குகிறான். பெண் ஊர் கேட்காது என்ற அச்சத்தில் வாயை மூடுகிறாள். இரண்டும் நம்மைப் பற்றிய ஒரே கணிப்பு. அந்தக் கணிப்பைப் பொய்யாக்குவது நம் கையில் இருக்கிறது. இன்று வீடு திரும்பியதும் உங்கள் தெருவில் இரண்டு பேரிடம் நான்காவது பிரிவைப் பற்றிச் சொல்லுங்கள், 181 என்ற எண்ணைச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் யார் யார் சேர்ந்து போவது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து நேரத்தில் துணிவு தானாக வராது. முன்கூட்டியே பேசி வைத்தவர்களுக்குத்தான் வரும்.